கண்களால் கேட்பவர்களின் பாதுகாவலர்: புனித பிரான்சிஸ் சலேசியார்



சனவரி 24-ம் நாள் அன்னையாம் திருச்சபை புனித பிரான்சிஸ் சலேசியாரை நினைவுகூருகிறது. அவர் ஜெனிவா மறைமாவட்டத்தின் ஆயர், திருச்சபையின் மறைவல்லுநர், எழுத்தாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் பாதுகாவலர், புனித ஜான் போஸ்கோ தமது துறவற சபைக்குப் பெயர் சூட்டத் தேர்ந்துகொண்ட புனிதர். இவையெல்லாம் மறைக்கல்வி வகுப்பிலிருந்தே நமக்குத் தெரிந்தவை. ஆனால் அவர் காது கேளாதோரின் பாதுகாவலரும் ஆவார் என்பது நம் பங்குகளில் அதிகம் பேசப்படுவதில்லை. இவ்வாண்டு அவரது வாழ்வை இந்தக் கோணத்திலிருந்து நாம் தியானிப்போம். இன்று ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் சிலருக்கு இந்தப் புனிதர் மிகவும் நெருங்கியவர் என்பது அப்போது விளங்கும்.

கேட்பது காது மட்டுமா?

புனிதரின் வாழ்வுக்குள் நுழையும் முன் ஒரு கேள்வி. ஒருவர் பேசும்போது நாம் எதனால் கேட்கிறோம்? காதால் என்றுதான் எல்லாரும் பதில் சொல்வோம். ஆனால் பாபநாசத்துக்கு மேலே அகத்தியர் அருவியில் குளித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீரின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரின் குரல்கூடச் சரியாக விழாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால், துண்டை எடு என்கிறாரா, போதும் வா என்கிறாரா என்று புரிந்துவிடும். விசைத்தறிக் கூடங்களில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்களும் அப்படித்தான். தறிச் சத்தத்துக்கு நடுவே ஒருவர் வாயசைவை மற்றவர் பார்த்துப் பேசிப் பழகியவர்கள் அவர்கள். பங்குத் திருவிழாவில் பேண்டு வாத்தியமும் வேட்டும் முழங்கும்போது நாமும் இதையே செய்கிறோம். சில பெரியவர்கள், கண்ணாடி போட்டால்தான் எனக்குக் காது கேட்கும் என்று சொல்வதைக் கேட்டுச் சிரிப்போம். அது சிரிப்பதற்குரிய பேச்சு அல்ல, முழு உண்மை.

அறிவியலார் இதை ஆய்வு செய்திருக்கிறார்கள். இரைச்சல் மிகுந்த இடத்தில், பேசுபவரின் முகம் தெரிந்தால் பேச்சு எவ்வளவோ தெளிவாகப் புரிகிறது என்பதை 1954-ம் ஆண்டிலேயே சம்பி, பொல்லாக் என்னும் இரு ஆய்வாளர்கள் சோதனை செய்து காட்டினார்கள். 1976-ல் இங்கிலாந்தில் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு என்ற இருவர் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். ஒலிநாடாவில் 'பா' என்ற மெல்லிய ஒலி வருகிறது. திரையில் தெரியும் முகமோ 'கா' என்று வாயசைக்கிறது. பார்த்துக்கொண்டே கேட்டவர்களில் பலருக்குக் காதில் விழுந்தது 'பா'வும் அல்ல, 'கா'வும் அல்ல. இரண்டுக்கும் இடைப்பட்ட 'டா' என்ற ஒலி! கண்ணை மூடிக்கொண்டால் மீண்டும் 'பா' என்றே கேட்டது. காது ஒன்றைச் சொல்ல, கண் வேறொன்றைச் சொல்ல, மூளை இரண்டையும் கலந்து ஒரே ஒலியாகத் தந்துவிடுகிறது. அப்படிக் கலப்பது நமக்கே தெரிவதில்லை.

காது வழியாக வரும் ஒலிச் செய்தி மூளையின் பக்கவாட்டுப் பகுதிக்குப் போகிறது. கண் வழியாக வரும் உதட்டசைவு தலையின் பின்பக்கத்துக்குப் போகிறது. காதுக்குச் சற்று மேலே மூளையின் பக்கவாட்டில் உள்ள ஒரு மடிப்பில் இரண்டும் சந்திக்கின்றன. அமைதியான இடத்தில் மூளை காதை நம்பும். சத்தம் கூடினால் கண்ணுக்கு அதிக மதிப்புக் கொடுக்கும். ஒலியே இல்லாமல் ஒருவர் பேசுவதைப் பார்த்தால்கூட, கேட்பதற்கென்றே உள்ள மூளைப் பகுதி விழித்துக்கொள்கிறது என்பதை 1997-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நான்கைந்து மாதக் குழந்தையே, தான் கேட்கும் ஒலிக்குப் பொருந்தி அசையும் முகத்தைத்தான் அதிக நேரம் உற்றுப் பார்க்கிறது. தாய் தாலாட்டும்போது பிள்ளை அவள் வாயையே பார்ப்பது வெறும் விளையாட்டு அல்ல.

நம் தாய்மொழியிலேயே இதை எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். சத்தமான இடத்தில் 'மாடு' என்றாரா, 'நாடு' என்றாரா என்று காது குழம்பும். ஆனால் 'ம' சொல்ல உதடுகள் மூடவேண்டும், 'ந' சொல்ல மூடவேண்டியதில்லை. ஆகவே கண் உடனே பிரித்துச் சொல்லிவிடும். மாறாக 'மாடு', 'பாடு' இரண்டையும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலவே மூடித் திறக்கும், கண் குழம்பும். அங்கே காதுதான் வழிகாட்டும். ஒன்று தடுமாறும் இடத்தில் மற்றொன்று கைகொடுக்கும்படி கடவுள் நம்மைப் படைத்திருக்கிறார். உடலின் ஓர் உறுப்பு மற்ற உறுப்பைப் பார்த்து நீ எனக்குத் தேவையில்லை என்று சொல்ல முடியாது என்னும் புனித பவுலின் கருத்து, நம் தலைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியானால், காது என்ற வாசல் முழுவதும் அடைபட்டவர் நிலை என்ன? இங்கேதான் நம் புனிதர் வருகிறார்.

சவோய் நாட்டின் தலைமகன்

பிரான்சிஸ் 1567 ஆகஸ்டு 21-ம் நாள், ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் சவோய் நாட்டின் தோரன்ஸ் என்னும் ஊரில், சலேஸ் கோட்டையில் பிறந்தார். உயர்குடிக் குடும்பம், அவரே மூத்த மகன். தந்தைக்கு மகனைப் பற்றிப் பெரிய கனவுகள் இருந்தன. சட்டம் படிக்கவேண்டும், அரசவையில் பதவி பெறவேண்டும், நல்ல இடத்தில் திருமணம் முடிக்கவேண்டும். சிறுவன் முதலில் லா ரோஷ் என்ற சிற்றூரிலும், பின்பு அன்னசி நகரிலும் படித்தான். லா ரோஷ் என்ற இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பாரிஸ் நகரில், இயேசு சபையார் நடத்திய கிளேர்மோன் கல்லூரி. அங்கே இளைஞர் பிரான்சிசுக்குப் பெரிய இருள் வந்தது. மீட்புப் பெறுவோர் யார், பெறாதோர் யார் என்பதைக் கடவுள் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார் என்ற வாதம் அக்காலத்தில் எங்கும் சூடாக நடந்தது. தாம் தள்ளப்பட்டவர்களின் கூட்டத்தில் இருக்கிறோமோ என்ற அச்சம் பிரான்சிசைப் பிடித்தது. உணவும் உறக்கமும் போயின. பல வாரங்கள் துன்புற்ற பின், ஒரு கோவிலில் அன்னை மரியாவின் திருவுருவத்தின் முன் மண்டியிட்டுத் தம்மை முழுவதும் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைத்தார். பாரம் இறங்கியது. எந்த மனிதனும் கடவுளின் அன்புக்கு வெளியே இல்லை என்ற உறுதி அன்று அவர் உள்ளத்தில் வேரூன்றியது. பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் இதுவே அடித்தளம்.

பதுவை நகரில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். தந்தையின் விருப்பத்தைப் பொறுமையோடு எதிர்கொண்டு, அவருடைய இசைவைப் பெற்று, 1593 டிசம்பர் 18-ம் நாள் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

கேட்க மறுத்தவர்களுக்குக் கண்ணுக்குக் கொடுத்தார்

ஓராண்டுகூட முடியவில்லை. 1594 செப்டம்பரில் தம் உறவினரான லூயி என்னும் குருவோடு சாப்ளே பகுதிக்கு நடந்தே புறப்பட்டார். ஜெனிவா ஏரியின் தென்கரையில் உள்ள அந்தப் பகுதி அறுபது ஆண்டுகளாகக் கத்தோலிக்கத்தை விட்டு விலகியிருந்தது. குளிரும் பனியும் கடுமை. உயிருக்கு ஆபத்தும் இருந்தது. தோனோன் நகரில் அவர் மறையுரையாற்றினால் கேட்க வந்தவர்கள் ஒருசிலரே. கத்தோலிக்கக் குருவின் பேச்சைக் கேட்கக் கூடாது என்று மக்கள் தடுக்கப்பட்டிருந்தார்கள்.

நமக்குள் ஒரு பழமொழி உண்டு. செவிடன் காதில் ஊதிய சங்கு என்போம். பிறரை நோகடிக்கும் அந்தப் பழமொழியை நாம் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. ஆனால் அன்று பிரான்சிசின் நிலை அப்படித்தான் வெளியே தெரிந்தது. அவர் சங்கை இன்னும் பலமாக ஊதவில்லை. வேறு வழி தேடினார். தம் போதனைகளைச் சிறு சிறு தாள்களில் எழுதி, படி எடுத்து, வீட்டுக் கதவுகளின் இடுக்கு வழியே உள்ளே தள்ளிவிட்டார். பொது இடங்களில் ஒட்டினார். கோவிலுக்கு வந்து கேட்கத் துணியாதவர்கள், வீட்டுக்குள் தனியாக அந்தத் தாள்களை வாசித்தார்கள். காதுக்குப் போகாத செய்தி கண் வழியாக உள்ளத்துக்குப் போனது. நான்கு ஆண்டுகளின் முடிவில், 1598-ல், பெருந்திரளான மக்கள் கத்தோலிக்க நம்பிக்கைக்குத் திரும்பியிருந்தார்கள். அந்தத் தாள்களை மனத்தில் கொண்டே 1923-ல் திருத்தந்தை 11-ம் பத்திநாதர் அவரை எழுத்தாளர்களுக்குப் பாதுகாவலராக அறிவித்தார்.

அவர் எழுதிய முறையையும் கவனிக்கவேண்டும். மதப்பிளவின் காயங்கள் இன்னும் ஆறாத காலம் அது. ஏசுவதும் பழிப்பதுமே இரு பக்கத்திலும் வழக்கமாக இருந்தது. பிரான்சிஸ் தம் நம்பிக்கையில் ஒரு சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் எதிரில் இருப்பவரை அவமதிக்கவும் இல்லை. கிறிஸ்தவ ஒன்றிப்புக்காகச் செபிக்கும் வாரம் சனவரி 18 முதல் 25 வரை. அவரது நினைவுநாள் அதற்குள் வருவது நமக்கு நல்ல நினைவூட்டல்.

1602 டிசம்பர் 8-ம் நாள் அவர் ஜெனிவாவின் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பெயர்தான் ஜெனிவா ஆயர்; அந்த நகரத்துக்குள் அவரால் வாழ முடியாது. ஆகவே அன்னசி நகரில் தங்கி மறைமாவட்டத்தை நடத்தினார். மலைக் கிராமங்களுக்கெல்லாம் ஏறிப்போய் மக்களைச் சந்தித்தார். ஆயராக இருந்தும் சிறுபிள்ளைகளுக்கு மறைக்கல்வியைத் தாமே கற்பித்தார்.

லா ரோஷ் ஊரில் மார்ட்டின்

1605-ம் ஆண்டு அவர் லா ரோஷுக்கு வந்திருந்தார். சிறுவனாகப் பள்ளிக்குப் போன அதே ஊர். அங்கே மார்ட்டின் என்ற ஏழை இளைஞரைச் சந்தித்தார். பிறவியிலேயே காது கேளாதவர். ஆகவே பேச்சும் வரவில்லை. அறிவு குறைந்தவர் அல்ல, நல்ல உழைப்பாளி. ஆனால் அவருக்கு யாரும் மறைக்கல்வி கற்பிக்கவில்லை. அவர் நற்கருணை பெறவும் இல்லை.

அதற்குக் காரணம் மக்களின் கல்மனம் மட்டும் அல்ல. பிறவியிலேயே கேளாதவருக்கு எதையும் கற்பிக்க இயலாது என்பது கிரேக்க காலத்திலிருந்தே படித்தவர்களிடமும் பரவியிருந்த எண்ணம். திருச்சபைக்குள்ளும் ஒரு தவறான புரிதல் இருந்தது. அறிவிக்கப்படுவதைக் கேட்டே மக்கள் நம்பிக்கைக்கு வருகிறார்கள் என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் விளக்குகிறார். இதைச் சிலர் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார்கள். காது இல்லையென்றால் கேள்வி இல்லை. கேள்வி இல்லையென்றால் நம்பிக்கை இல்லை என்று முடிவு கட்டினார்கள். பவுலடியார் பேசியது நற்செய்தியை ஏற்றுக்கொள்ளும் உள்ளத்தைப் பற்றி. அவர்களோ அதைச் செவிப்பறையைப் பற்றிய சட்டமாக்கிவிட்டார்கள்.

எந்த மனிதனும் கடவுளின் அன்புக்கு வெளியே இல்லை என்று இளமையில் கண்ணீரோடு கற்றுக்கொண்ட பிரான்சிசால் இதை ஏற்க முடியவில்லை. மார்ட்டினுக்குக் கற்பிக்கும் பொறுப்பை வேறு யாரிடமும் கொடுக்காமல், தாமே ஏற்றுக்கொண்டார். பேச்சு இல்லை, ஆகவே சைகைகளால் கற்பித்தார். கடவுள் யார், கிறிஸ்து நமக்காக என்ன செய்தார், பாவம் எது, மன்னிப்பு எது, நற்கருணையில் இருப்பவர் யார் என்பவற்றைக் கையசைவாலும் முகத்தாலும் விளக்குவது எளிதல்ல. ஒரு மறைமாவட்டத்தின் ஆயருக்கு எத்தனையோ வேலைகள் உண்டு. ஆனாலும் அவர் அந்த ஒரு மனிதருக்காக நேரம் ஒதுக்கினார். மார்ட்டின் புரிந்துகொண்டார். தம் பாவங்களைச் சைகையால் அறிக்கையிட்டு ஒப்புரவு அருட்சாதனம் பெற்றார், நற்கருணையும் பெற்றார். அதன்பின் புனிதர் அவரை அன்னசியில் உள்ள தம் இல்லத்திற்கே அழைத்துச் சென்றார். மார்ட்டின் அங்கே பணியாற்றி ஆயரோடேயே வாழ்ந்தார்.

இதில் ஒன்றைக் குறித்துக்கொள்வோம். பிரான்சிஸ் ஒரு புதுமை செய்து மார்ட்டினின் காதைத் திறக்கவில்லை. மார்ட்டின் கடைசிவரை கேளாதவராகவே இருந்தார். மாறியது மார்ட்டினின் காது அல்ல, ஆயரின் மொழி. மாற்கு நற்செய்தி 7-ம் அதிகாரத்தில் நம் ஆண்டவரும் இப்படித்தான் தொடங்குகிறார். காது கேளாதவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார், காதுகளில் விரலை இடுகிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். அதன் பின்பே எப்பத்தா என்ற சொல். அந்தச் சொல்லுக்கு முன்பு செய்த அனைத்தும் அந்த மனிதர் கண்ணால் காணவும் உடலால் உணரவும் கூடியவை. குணமாக்கும் முன்பே ஆண்டவர் அவருடைய மொழியில் பேசிவிட்டார்.

மெல்லப் பேசிய ஆயர்

பிரான்சிசின் பிந்தைய ஆண்டுகள் நமக்கு நன்கு தெரிந்தவை. 1604-ல் திஜோன் நகரில் தவக்கால மறையுரையின்போது, கணவரை இழந்த யோவன்னா பிரான்சிஸ்கா சாந்தாலைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து 1610-ல் அன்னசியில் மினவுதல் சபையைத் தொடங்கினார்கள். உடல்நலம் குன்றியவர்களையும் வயதில் மூத்தவர்களையும் ஏற்கும் சபையாக அது இருந்தது. 1609-ல் பக்தி வாழ்வைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. துறவிகளுக்கு மட்டுமல்ல; கடைவீதியில், படைமுகாமில், சமையலறையில் இருப்பவர்களுக்கும் தூய வாழ்வு உண்டு என்று அது கற்பித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் எல்லாருக்குமான தூய வாழ்வின் அழைப்பைப் பற்றிப் பேசுவதற்கு மூன்றரை நூற்றாண்டுகள் முன்பே அவர் அதைச் சொல்லிவிட்டார்.

அவர் மெதுவாகப் பேசுபவர். சொற்களை நிறுத்தி நிறுத்தி, நிதானமாக மறையுரை ஆற்றுவார். அவருடைய நண்பர், பெல்லே நகர ஆயர் காமுஸ் என்பவர், வேகமும் துடிப்பும் உள்ளவர். பிரான்சிசின் மேல் கொண்ட மதிப்பால் அவரைப்போலவே மெதுவாக, அவருடைய கையசைவுகளோடு பேச முயன்றார். கடைசியில் அது காமுசாகவும் இல்லை, பிரான்சிசாகவும் இல்லை. ஜெனிவா ஆயரைப்போல ஒருவர் நடிக்கிறாராமே என்று புனிதரே வேடிக்கையாகக் கேட்டு நண்பரைத் திருத்தினாராம். அவரவர் இயல்பில் பேசவேண்டும் என்பது இதிலுள்ள பாடம். நிதானமான, தெளிவான பேச்சும் மக்களைப் பார்க்கும் முகமும் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது இன்று நமக்குத் தெரிகிறது.

1622 டிசம்பர் 28-ம் நாள், பயணத்தின் நடுவே லியோன் நகரில், மினவுதல் மடத்துத் தோட்டக்காரரின் சிறு குடிலில், தமது 55-வது வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். 1623 சனவரி 24-ல் அன்னசியில் அடக்கம் செய்யப்பட்டார். அந்த நாளிலேயே அவரை இன்று நினைவுகூருகிறோம். 1665-ல் புனிதராகவும், 1877-ல் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்டார். அவர் இறந்து 400 ஆண்டுகள் நிறைவடைந்த 2022 டிசம்பர் 28-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் பற்றி ஒரு திருத்தூது மடல் வெளியிட்டார்.

பாரிஸ் முதல் பாளையங்கோட்டை வரை

பிரான்சிஸ் தனி ஒருவர் அல்ல. அவருக்கு முன்பே, 1584-ல் இறந்த பேத்ரோ போன்சே என்ற ஸ்பெயின் நாட்டு ஆசீர்வாதப்பர் சபைத் துறவி, காது கேளாத உயர்குடிப் பிள்ளைகளுக்கு எழுதவும் பேசவும் கற்பித்தார். 18-ம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் லெப்பே என்ற குரு, ஏழைக் கேளாத பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தினார். அவர் செய்த பெரிய காரியம், அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிய சைகைகளையே தாமும் கற்றுக்கொண்டு, அதிலிருந்து பாடத்தைத் தொடங்கியதுதான். நம் நாட்டிலும் 1880-களில் மும்பையில் கேளாதோருக்கான முதல் பள்ளி உருவாக இயேசு சபையைச் சேர்ந்த ஆயர் லியோ மூரின் வழிவகுத்தார்.

நமக்கு அருகிலேயே ஒரு பெருமை உண்டு. பாளையங்கோட்டையில் 1897-ல் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற ஆங்கிலிக்கன் மறைப்பணியாளர் காது கேளாத பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. சாதி சமய வேறுபாடின்றி எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே எழுத்தறிவு பெற்றார்கள். நம் பிரிந்த சகோதரர்களின் இந்தப் பணிக்காகத் தாமிரபரணிக் கரையில் வாழும் நாம் அனைவரும் இறைவனுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் இந்த வரலாற்றில் ஒரு வருத்தமான திருப்பமும் உண்டு. 1880-ல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, கேளாத பிள்ளைகளுக்கு வாயசைவைப் பார்க்கவும் பேசவும் மட்டுமே கற்பிக்கவேண்டும், சைகை கூடாது என்று தீர்மானித்தது. அதன்பின் பல நாடுகளில் கையால் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். வாயசைவு மட்டும் போதுமா? நம் தமிழையே எடுத்துக்கொள்வோம். 'பணம்', 'மணம்' இரண்டும் உதட்டில் ஒன்றே. 'மலை', 'மழை' இரண்டையும் வேறுபடுத்துவது வாய்க்குள் மறைந்திருக்கும் நாக்கு; வெளியே தெரியாது. 'பல்லி', 'பள்ளி' என்பவையும் அப்படியே. கொஞ்சம் கேட்கக்கூடியவருக்கு உதட்டசைவு பெரிய துணை. ஒன்றுமே கேளாதவருக்கு அது பாதிச் செய்தியைத்தான் தரும். மீதியை அவர் ஊகித்துக் களைத்துப்போவார். மார்ட்டினுக்குப் புனிதர் சைகையைக் கொடுத்தது இதனால்தான் சரியான வழியாக இருந்தது. இன்று சைகை மொழி இலக்கணமுள்ள முழுமையான மொழி என்று மொழியியலார் ஏற்கிறார்கள். 1965-லேயே கேளாதோரின் திருவழிபாட்டில் சைகை மொழியைப் பயன்படுத்தத் திருச்சபை அனுமதி தந்தது. 2024 மே மாதம் கேரளத்தின் திருச்சூரில், காது கேளாத ஒருவர் குருவாகவே திருநிலைப்படுத்தப்பட்டார். மார்ட்டின் மண்டியிட்டு நற்கருணை பெற்றதிலிருந்து, கேளாத ஒருவர் பீடத்தில் நின்று திருப்பலி நிறைவேற்றும் நாள்வரை திருச்சபை வந்திருக்கிறது.

நம் பங்கில் என்ன செய்யலாம்?

2020-லும் அடுத்த ஆண்டிலும் கொரோனாவுக்காக எல்லாரும் முகக்கவசம் அணிந்தோம். அப்போது முதியோர் பலர் தங்களுக்குத் திடீரென்று காது மந்தமாகிவிட்டதாக நினைத்தார்கள். காது கெடவில்லை, உதடுதான் மறைந்திருந்தது. தாங்கள் அதுவரை பாதி கண்ணால் கேட்டுவந்தோம் என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

நம் பங்குகளில் பிறவியிலேயே கேளாதவர்கள் ஒருசிலரே இருக்கலாம். ஆனால் வயதால் காது மங்கியவர்கள் ஒவ்வோர் அன்பியத்திலும் இருக்கிறார்கள். கூட்டம், மறையுரை, குடும்பச் செபம் எதுவும் விளங்காமல் போகும்போது அவர்கள் மெல்ல ஒதுங்குகிறார்கள். பக்தி குறைந்துவிட்டது என்று மற்றவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அவர்களிடம் குறைந்தது பக்தி அல்ல. ஆகவே சில எளிய காரியங்களைச் செய்ய முயல்வோம்.

வாசகம் வாசிப்பவரும் குருவும் ஒலிவாங்கியால் வாயை மறைக்காமல், முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்கலாம். பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் முகம் இருண்டு உதடு தெரியாது. நிதானமாகப் பேசவேண்டும், கத்தவேண்டாம். கத்தும்போது உதடு கோணலாகி, பார்ப்பவருக்கு இன்னும் குழப்பமே மிஞ்சும். முன்வரிசையில் சில இடங்களைக் காது மங்கியவர்களுக்கு ஒதுக்கலாம். திருவிருந்து வாசகங்களையும் மறையுரையின் சுருக்கத்தையும் அச்சிட்டுக் கொடுக்கலாம். கதவிடுக்கில் தாள் தள்ளிய புனிதருக்கு அது பிடித்தமான வேலை.

ஒப்புரவு அருட்சாதனத்தில் தட்டிக்குப் பின்னால் இருந்து மெதுவாகப் பேசினால் அவர்களுக்கு எதுவும் புரியாது. உரக்கப் பேசினாலோ வெளியே கேட்டுவிடுமோ என்ற அச்சம். தனி அறையில் முகத்துக்கு முகம் பார்த்து அறிக்கையிட ஏற்பாடு செய்யலாம். எழுதிக் காட்டி, பின்பு அந்தத் தாளை அழித்துவிடலாம். விரும்பினால் மொழிபெயர்ப்பாளர் துணையோடும் அறிக்கையிட இடம் உண்டு என்று திருச்சபைச் சட்டம் 990 கூறுகிறது. அவரும் அந்த இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர். இளைஞர் இயக்கத்தில் இருவர் இந்தியச் சைகை மொழியைக் கற்க முன்வந்தால், அது அந்தப் பங்குக்கே ஒரு திறந்த கதவாக இருக்கும்.

வீட்டிலும் அப்படியே. தாத்தாவோ ஆச்சியோ திரும்பத் திரும்ப என்ன என்று கேட்டால், வேறு அறையில் இருந்து சத்தம்போட்டுப் பதில் சொல்லாமல், எதிரில் வந்து உட்கார்ந்து முகம் பார்த்துச் சொல்லுங்கள். தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டுப் பேசுங்கள். அவர்களுக்குத் தேவையானது உங்கள் சத்தம் அல்ல, உங்கள் முகம்.

கடவுளும் நம்மிடம் அப்படித்தான் வந்தார். இறைவாக்கினர் வழியாகக் காதுக்குப் பேசியவர், காலம் நிறைவேறியபோது மனிதர் கண்ணால் காணக்கூடிய முகமாகவே வந்தார். குரலும் முகமும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் நம் மூளைக்கே பேச்சு தெளிவாகிறது என்றால், அன்பு தெளிவாவதற்கும் அதுவே வழியாக இருப்பதில் வியப்பில்லை.

புனித பிரான்சிஸ் சலேசியாரே, கேளாதோரின் பாதுகாவலரே, கேட்க இயலாதவர்களிடம் அவர்கள் மொழியில் பேசும் பொறுமையை எங்களுக்குப் பெற்றுத் தாரும். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.